படாளம் கூட்டுரோட்டில் நிற்கும் கேரவன்: சமையல் கழிவை அரைப்பதா, மட்க வைப்பதா?

செங்கல்பட்டிலிருந்து தெற்கே பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, மாமண்டூரைக் கடந்தால் படாளம். ஜி.எஸ்.டி. சாலையில் வேகமாகப் போகிறவர்களுக்கு இது ஒரு கூட்டுரோடு, அவ்வளவுதான். சுற்றுவட்டாரக் கரும்பு விவசாயிகளுக்கோ இது ஆலை ஊர். மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று பெயர் இருந்தாலும் ஆலை இருப்பது படாளத்தில்தான். அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒருபக்கம் ஊர்ந்து வர, மறுபக்கம் மேற்கே பிரியும் சாலையில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகும் வண்டிகள் திரும்பும்.

கார்த்திகை தொடங்கி மாசி வரை இந்தத் திருப்பத்தில் எல்லா வகை வண்டிகளையும் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பேருந்துகள், மேல்மருவத்தூர் போகும் வழியில் இளைப்பாறும் வேன்கள், ராமேசுவரம் போகும் வடநாட்டு யாத்திரைப் பேருந்துகள். யாத்திரைப் பேருந்துகளில் சமையல்காரர், அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் கூடவே வரும். புளியமர நிழல் கிடைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, ஐம்பது பேருக்குச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் போன பிறகு அந்த மரத்தடியில் என்ன கிடக்கும் என்பது பக்கத்து நிலத்துக்காரருக்குத்தான் தெரியும்.

இப்போது அந்த வரிசையில் கேரவனும் சேர்ந்திருக்கிறது. படுக்கை, கழிப்பறை, சின்னச் சமையல்கட்டு எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. முன்பு சினிமாக்காரர்கள் மட்டும் வைத்திருந்தார்கள். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்த பிறகு வாடகைக்கு விடுகிறவர்களும் கூடிவிட்டார்கள். இந்த வண்டிகளுக்கு இரவில் நிற்கப் பாதுகாப்பான இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும். இவை மூன்றும் இருப்பது தோப்பு வைத்திருக்கும் விவசாயியிடம். அதனால்தான் இது நகரத்துக்காரர் சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

வேடந்தாங்கல் சாலையில் இரண்டு ஏக்கர் நெல்லும் முப்பது சொச்சம் தென்னையும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் இந்தப் பருவத்தில் நடந்த பேச்சு அப்படிப்பட்டது. வீட்டம்மாவின் தம்பி தாம்பரத்தில் டிராவல்ஸ் நடத்துகிறவர். வேன் ஒன்றைக் கேரவனாக மாற்றக் கொடுத்திருந்தார். வண்டி கட்டும் பட்டறையில் கழுவுதொட்டிக்கு அடியில் கழிவு அரைக்கும் இயந்திரம் ஒன்றை வைத்துத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். காய்த்தோலோ மீந்த சோறோ எதைப் போட்டாலும் கூழாக்கித் தண்ணீரோடு தள்ளிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் ஆசை. அந்தக் கூழ் போய்ச் சேரும் தொட்டியை அக்கா தோப்பில் திறந்துவிட்டுக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

"தென்னைக்கு உரம்தானே அக்கா, காசில்லாம வருது" என்றார் தம்பி.

அக்கா சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் தோப்பின் நடுவில் இருக்கும் கிணறு. அந்தத் தண்ணீரைத்தான் அவர்கள் வீட்டோடு சேர்த்து ஐந்து வீடுகள் குடிக்கின்றன. தம்பிக்கு அங்கே இடம் இல்லை என்று சொல்வதும் எளிதல்ல. வண்டி மேல் கடன் இருக்கிறது. பருவம் முழுக்க ராத்தங்கல் இங்கே என்று முன்பதிவுக்காரர்களிடம் சொல்லியும்விட்டார்.

முதலில் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். பலர் நினைப்பதுபோல் மிக்ஸி மாதிரி உள்ளே கத்தி கிடையாது. வேகமாகச் சுழலும் ஒரு தட்டு, அதன்மேல் ஆடும் இரண்டு இரும்புக் கட்டிகள், சுற்றிலும் பல் வெட்டிய வளையம். போட்ட கழிவு சுழன்று வளையத்தில் மோதித் தேய்ந்து பொடியாகும். மேலிருந்து குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது குழாயில் இறங்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊரில், ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927இல் இதை உருவாக்கினார். அது வீட்டுக்கென்று செய்யப்பட்டது. வீட்டுக்குப் பின்னால் பாதாளச் சாக்கடை, அதன் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் என்று இருக்கும் நகரங்களை நினைத்துச் செய்தது. அப்படியிருந்தும் நியூயார்க் நகரம் தன் சாக்கடைகள் தாங்குமா என்ற பயத்தில் பெரும்பகுதியில் இதைத் தடுத்தே வைத்திருந்தது. 1997இல்தான் அனுமதித்தது.

சென்னையில் பாதாளச் சாக்கடை இணைப்புள்ள மாடி வீட்டில் ஒருவர் இதை வைத்தால், அரைத்த கூழ் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போய்ச் சேரும். அங்கே கசடிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் இதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. கேரவனுக்குப் பின்னால் சாக்கடை இல்லை. ஒரு தொட்டிதான் இருக்கிறது. அந்தத் தொட்டியும் வண்டியோடு கூடவே வருகிறது.

மின்சாரம்தான் பெரிய தடை என்று தம்பி நினைத்திருந்தார். உண்மையில் அது சின்னத் தடை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் சுமார் 750 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 65, 70 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலச் சில மடங்கு. பெரிய இன்வெர்ட்டரும் தடித்த ஒயரும் வேண்டும். ஆனால் ஓடுவது ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான். பேட்டரி அதனால் தீர்ந்துவிடாது. அரை குதிரைத்திறன் போதுமென்றால் செலவு இன்னும் குறையும்.

தண்ணீர்க் கணக்குதான் உதைக்கிறது. குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை அரைத்து, குழாயையும் அலச ஒன்றரை நிமிடம் ஆனால் 9 லிட்டர். மூன்று வேளைக்கு 27 லிட்டர். வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால், நான்கில் ஒரு பங்குக்கு மேல் தோலையும் சோற்றையும் தள்ளுவதற்கே போய்விடுகிறது. ஆறு பேர் ஒரு நாள் சமைத்தால் சேரும் கழிவு இரண்டு மூன்று கிலோதான் இருக்கும். அந்த மூன்று கிலோவைக் கழிப்பதற்காக முப்பது கிலோ அழுக்குத் தண்ணீரை உண்டாக்கிச் சுமந்துகொண்டு போவது எந்த ஊர்க் கணக்கு?

நம் சமையலும் இந்த இயந்திரத்துக்கு ஒத்துவராது. முருங்கைச் சக்கை, வாழைப்பூ மடல், தேங்காய் நார், கரும்புச் சக்கை இவையெல்லாம் பொடியாகாமல் நாராகச் சுற்றிக்கொள்ளும். சோறு பசையாகிக் குழாய் வளைவில் உட்காரும். குழம்பு எண்ணெய் அதன்மேல் படியும். தொட்டிக்குள் போனதும் பொடி அடியில் இறங்கிச் சேறாகும். வண்டி குலுங்கும்போது தானாகக் கலங்கி வெளியேறிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். மூலைகளில் படிந்த சேறு அப்படிப் போவதில்லை. நம் ஊர் வெயிலில் காற்றில்லாத தொட்டியில் ஒரே நாளில் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். தரையில் படுக்கை போட்டுத் தூங்குகிற வண்டி அது.

"வேடந்தாங்கல் ஏரித் தண்ணியில பறவை எச்சம் விழுதே மாமா, அதை உரம்னு சொல்லித்தானே வயலுக்குப் பாய்ச்சறீங்க? இது மட்டும் ஆகாதா?" என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அக்காள் வீட்டுக்காரருக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

வேடந்தாங்கல் ஏரியின் கதை இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டி, எச்சமிட்டு, அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வரும்போது மேலுரம் குறைவாகப் போட்டாலே பயிர் பச்சை கட்டும். இதை அறிந்துதான் ஊர்க்காரர்கள் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டுப் பாதுகாப்புக்கு எழுத்துமூலம் உரிமை வாங்கியதும் இவர்கள்தான். 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

ஆனால் எச்சம் என்பது பறவை வயிற்றில் செரித்து வந்த பொருள். அது ஏரி முழுக்க, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக விழுகிறது. மேலே வெயில், காற்று, உள்ளே பாசி, மீன், நுண்ணுயிர் என்று அதை ஏற்றுக்கொள்ள ஒரு பெரிய உலகமே அங்கே இருக்கிறது. கேரவன் தொட்டியில் இருப்பது செரிக்காத பச்சைக் கழிவு. உப்பு, எண்ணெய், சோப்பு கலந்தது. காற்றில்லாமல் புளித்தது. அதை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கொட்டினால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்னப் புறப்பட்டு, வேருக்கு வேண்டிய பிராணவாயுவை முதலில் காலி செய்துவிடும். எண்ணெயும் பொடியும் மண் கண்களை அடைக்கும். ஏரிப் பாசனக் களிமண்ணில் ஒரு வாரம் தொடர்ந்து ஊற்றினால் அந்த இடம் கறுத்து, புளித்த வாடை அடித்து, ஈ மொய்க்கும்.

சட்டமும் ஓர் அளவு வைத்திருக்கிறது. பாசன நிலத்தில் விடும் கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எண்ணெயும் கொழுப்பும் 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சாதாரண வீட்டுச் சாக்கடையே முதல் அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். சோறும் குழம்பும் அரைத்துக் கலந்த தண்ணீர் அதற்கும் மேலே போகும். கிணற்றைச் சுற்றிய தோப்பில் இதை அனுமதிக்கவே கூடாது. கழிப்பறைத் தொட்டியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதைக் கழிவுநீர் லாரி மூலம் எடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் மீந்ததை என்ன செய்வது? நம் வீடுகளில் இதற்கு ஒரு பழைய இயந்திரம் இருந்தது. வாசலில் வைத்த கழுநீர்ப் பானை. அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல், வடித்த கஞ்சி எல்லாம் அதில் விழும். சாயங்காலம் மாடு குடித்துவிடும். மாடில்லாத வீட்டுப் பானையை மாடுள்ள வீட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார். அதற்கு மின்சாரமும் வேண்டாம், குழாயும் வேண்டாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கழுநீர் வேறு, பந்தியில் மீந்த சோறு வேறு. இதே குடும்பத்தில் போன தை மாதம் யாத்திரை வண்டிக்காரர்கள் ஒரு அண்டாச் சோற்றைக் கொடுத்துவிட்டுப் போக, ஆசையாகக் கறவை மாட்டுக்கு வைத்துவிட்டார்கள். மறுநாள் மாடு அசை போடவில்லை. வயிறு உப்பி, சாணி தண்ணீராகப் போனது. கால்நடை மருத்துவர் வந்து பிழைக்க வைத்தார், பால் பல நாள் குறைந்தது. மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் மாட்டின் முதல் இரைப்பையில் அமிலம் ஏறிவிடும். உயிரே போகலாம். கைப்பிடி சோறு கழுநீரில் கலப்பது ஒன்றும் செய்யாது, அண்டாவைச் சாய்த்து வைக்காதீர்கள். தெரியாமல் தின்றுவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரை அழைத்துவிட வேண்டும். பாலிதீன் பையில் கட்டிய சாம்பாரைப் பையோடு விழுங்கும் மாடுகளின் கதை இன்னும் மோசம்.

ஏரிக்கரையில் வைத்துவிட்டால் பறவைகள் தின்னும் என்று நினைப்பவர்களும் உண்டு. கூடு கட்டும் பறவை சோறு தின்ன வராது. சோற்றுக்கு வருவது காக்கையும் நாயும். வந்த காக்கை சோறு தீர்ந்ததும் கூட்டிலுள்ள முட்டையைத் தேடும். திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி பொது இடத்திலோ நீர்நிலையிலோ கழிவைப் போடுவது குற்றமும்கூட.

தோப்புக்குப் பொருத்தமான வழி மட்க வைப்பதுதான். அதற்கு வண்டியில் இயந்திரம் தேவையில்லை. கழுவுதொட்டியின் வாயில் ஒரு நெருக்கமான சல்லடை, மூடி இறுக்கமாக உள்ள 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு, ஒரு மூட்டை தென்னை நார்க்கழிவு. இவ்வளவுதான். வாளி அடியில் நான்கு விரற்கடை நார்க்கழிவு போட்டு, ஒவ்வொரு வேளைக் கழிவின் மேலும் இரண்டு கை நார்க்கழிவு தூவி மூடினால் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் நாற்றமில்லாமல் தாங்கும். குழம்பு, எண்ணெய் உள்ளதை வடித்துவிட்டுப் போட வேண்டும். சல்லடை தாண்டிப் போகும் பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டும் தொட்டியில் சேரும். அதைத் தினமும் காலி செய்து, கிணற்றுக்கு ஐம்பது அடிக்குக் குறையாமல் தள்ளி, வாழையும் கல்வாழையும் நட்ட பாத்தியில் இடம் மாற்றி மாற்றி விடலாம்.

வாளியில் வந்ததை வைத்துத் தோப்பில் குவியல் போடும்போது படாளம் பக்கத்து விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தகத்தில் குழி வெட்டச் சொல்லியிருக்கும். இங்கே சுற்றுலாப் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகின்றன. ஏரி நிரம்பியதும் நிலத்தடி நீர் மேலேறி, இரண்டடிக் குழி கிணறாகிவிடும். எனவே மேட்டில், தரைக்கு மேலேயே, தென்னை மட்டையால் மூன்றடி அகலத்துக்கு அடைப்புக் கட்டிக் குவிப்பது நல்லது. அடியில் மட்டை, குச்சி. அதன்மேல் ஒரு பங்கு சமையல் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு அல்லது துண்டாக்கிய வைக்கோல். ஒவ்வோர் அடுக்குக்கும் கொஞ்சம் சாணிக் கரைசல். சமையல் கழிவில் தழைச்சத்து அதிகம், கரிச்சத்து குறைவு. கரிச்சத்தும் தழைச்சத்தும் 25 முதல் 30க்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால்தான் நன்றாக மட்கும். சருகு சேர்ப்பது அதற்காகத்தான், அழகுக்காக அல்ல. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டு, மழைக்கு மேலே கீற்று போட்டால் இரண்டரை, மூன்று மாதத்தில் மண்வாசனையோடு எரு தயார்.

ஆலையைப் பார்த்த விவசாயிக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. நூறு டன் கரும்பு அரைத்தால் முப்பது டன்னுக்கு ஒட்டி வரும் சக்கை கொதிகலனுக்குப் போகிறது. மூன்று நான்கு டன் வரும் ஆலை மண், அதாவது பிரஸ்மட், மட்கிய பின் வயலுக்கு வருகிறது. பச்சை ஆலை மண்ணைச் சூட்டோடு அப்படியே வயலில் போட்டுப் பயிர் காய்ந்த அனுபவம் இந்த வட்டாரத்தில் பலருக்கு உண்டு. மட்காத எதுவும் உரமில்லை என்பதை அந்த அனுபவத்தை வைத்துத்தான் மாமா கடைசியில் மச்சானுக்குப் புரிய வைத்தார். "ஆலை மண்ணையே ஆற வச்சுத்தான்டா போடறோம்" என்றார்.

வண்டியின் அடுத்த நிறுத்தம் மாமல்லபுரம். படாளத்திலிருந்து செங்கல்பட்டு திரும்பி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போக வேண்டும். திருக்கழுக்குன்றம் மலையில் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் உண்டு போகும் காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனம். செத்ததையும் கழிவையும் தின்று ஊரைச் சுத்தமாக வைத்த பறவை. 1990களின் கடைசியோடு அவை வருவது நின்றுபோனது.

கடற்கரைப் பக்கம் போனதும் கணக்கு மாறுகிறது. படாளத்துக் களிமண்ணில் கொட்டினால் மேலேயே தேங்கி நாறும், ஆள் பார்த்துச் சத்தம் போடுவார்கள். மாமல்லபுரத்து மணலில் கொட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும். சுத்தமாகிவிட்டது என்று தோன்றும். அது போன இடம் ஆழமில்லாத மணல் ஊற்று. அங்கே சவுக்குத் தோப்புக்கும் வேர்க்கடலைக்கும் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான். மணல் பூமியில் தோப்பை வண்டிக்கு விடுகிற விவசாயி தொட்டியைத் திறக்கவே விடாமல், வாளியை மட்டும் வாங்கிக்கொள்வது நல்லது. வாங்கிய எருவுக்கு அங்கே தேவையும் அதிகம். மணலுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி மட்கிலிருந்துதான் வரும்.

தம்பி பட்டறைக்குப் போன் செய்து இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பணத்தில் இரண்டாவது நல்ல தண்ணீர்த் தொட்டி வைக்கச் சொன்னதாகக் கேள்வி. அக்கா இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். வாளியில் பிளாஸ்டிக் ஒரு துண்டு கிடந்தாலும் அப்படியே திருப்பித் தரப்படும். வண்டி ஓர் இரவு நிற்க முந்நூறு ரூபாய், தம்பி வண்டியானாலும் சரி. வேறு வண்டிகளுக்கு என்ன கேட்பது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.